டர்ன் இட் ஆஃப்: ஆங்கில வினையில் பிரதிப்பெயர் நிற்கும் இடம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்து வந்திருக்கிறேன். 'இட்' என்ற ஆங்கிலச் சொல். ஃப்ரேசல் வெர்ப் என்று நாம் பாடம் நடத்தும் வினைகளோடு சேரும்போது அது எங்கே நிற்கும், எங்கே நிற்காது, ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு. சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆங்கிலம் பேச வாய் திறக்கும் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களில் இது முக்கியமான ஒன்று என்பதால், ஒரு மணி நேரம் இதற்குக் கொடுக்கத் தகும் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் சேரும் ஒரு மாணவரிடம் 'டர்ன் ஆஃப்' என்றால் என்ன என்று கேளுங்கள். அணைப்பது என்று உடனே பதில் வரும். 'கிவ் அப்' கைவிடுவது, 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள்வது. பட்டியல் மனப்பாடமாக இருக்கும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தும்படி ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால் அதே மாணவர் 'ப்ளீஸ் டர்ன் ஆஃப் இட்' என்பார். சொல் தெரியும், பொருளும் தெரியும், வாக்கியம் மட்டும் தவறிவிடுகிறது. ஏன் தவறு என்று அவர் கேட்டால், ஆங்கிலத்தில் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். காரணம் கேட்கும் மாணவருக்கு அது பதிலாகாது.

முதலில் வாக்கியங்களைப் பார்த்துவிடலாம். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரி. 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. 'டர்ன் இட் ஆஃப்' சரி. 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் கூடாது. ஃபேன் என்று பெயர் சொன்னால் அது ஆஃபுக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். 'இட்' என்று சுட்டினால் முன்னால் மட்டுமே வரவேண்டும். ஆஃப், அப், அவுட், டவுன், அவே போன்ற குட்டிச் சொற்களை ஆங்கில இலக்கணம் பார்ட்டிக்கிள் என்கிறது. இதை இடைச்சொல் என்று தமிழாக்க எனக்கு மனமில்லை. தொல்காப்பியம் காட்டும் இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே நடப்பது. ஆங்கிலப் பார்ட்டிக்கிளோ வாக்கியத்திலேயே ஓங்கி ஒலிக்கும் சொல்லாகப் பல நேரம் இருக்கிறது. அதனால் வகுப்பறைப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

பாடநூல்கள் இதற்கு ஒரு வரியில் விதி சொல்லும்: பிரதிப்பெயர் என்றால் நடுவில் போடு. அவசரத்துக்கு உதவும் விதிதான். ஆனால் 'சம்திங்', 'சம்ஒன்' என்பவையும் பிரதிப்பெயர்கள்தாமே? 'ஐ வில் பிக் அப் சம்திங் ஆன் தி வே' என்று ஆங்கிலேயர் தாராளமாகச் சொல்கிறார்கள். 'பிக் அப் யூ' என்றால் முகம் சுளிப்பவர்கள், 'ஐ வில் பிக் அப் யூ அண்ட் யுவர் மதர்' என்றால் அவ்வளவாக உறுத்தலாக உணர்வதில்லை. அவரைத்தான் சேர்த்தார்கள், இவரை இல்லை என்று அழுத்திப் பிரித்துச் சொல்லும்போது 'ஹிம்' என்ற சொல்லே பார்ட்டிக்கிளுக்குப் பின்னால் வந்து நிற்கவும் கூடும். ஆகவே சொல்லின் இலக்கண வகை மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது.

அதைக் காதால்தான் பிடிக்க முடியும். 'பிக் இட் அப்' என்று ஆங்கிலம் தாய்மொழியானவர் சொல்லும்போது மூன்று சொற்கள் கேட்பதில்லை. 'பிக்கிட் அப்' என்று இரண்டுதான் கேட்கிறது. 'இட்' தன் உருவத்தை இழந்து வினையோடு ஒட்டிக்கொள்கிறது. குரல் ஏறுவது 'அப்' மீது. 'டர்னிட் ஆஃப்', 'புட்டிட் ஆன்' எல்லாமே இப்படித்தான். ஆங்கில வாக்கியத்தில் குரலின் எடை பெரும்பாலும் கடைசியில் விழும். கேட்பவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது அங்கே வரும். 'இட்' என்று நான் சொல்வதே அந்தப் பொருள் உங்களுக்கும் எனக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால். தெரிந்ததைக் கடைசியில் நிறுத்திக் குரலை ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. 'சம்திங்' அப்படியில்லை. அது இன்னும் தெரியாத ஒன்றைச் சொல்கிறது, ஆகவே கடைசியில் நிற்கத் தகுதி பெறுகிறது. 'யூ அண்ட் யுவர் மதர்' நீண்டு கனத்துவிட்டது. அழுத்திச் சொன்ன 'ஹிம்' குரலாலேயே கனத்துவிட்டது.

நீளமான செயப்படுபொருளை வைத்து இதைச் சோதிக்கலாம். மாடி அறைகளில் நேற்றிரவிலிருந்து எரிந்துகொண்டிருக்கும் விளக்குகள் அத்தனையையும் அணை என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'டர்ன்' என்று ஆரம்பித்து அவ்வளவு நீளத் தொடரையும் சொல்லி முடித்து, கடைசியில் 'ஆஃப்' என்று வைத்தால் கேட்பவர் திணறிப்போவார். நீளமானது தானாகவே பின்னால் போகிறது, இலேசானது முன்னால் வருகிறது. ஓட்டோ பெஹாகல் என்ற ஜெர்மன் மொழியறிஞர் 1909இல் இதை ஒரு பொது விதியாகவே எழுதினார்: வாக்கியத்தில் உறுப்புகள் வளர்ந்துகொண்டே போகும், சிறியது முன், பெரியது பின். ஆங்கிலத்தில் 'இட்' நடுவில் நிற்பதும், நீண்ட தொடர் கடைக்குப் போவதும் ஒரே போக்கின் இரண்டு முனைகள். நாம் இவற்றை இரண்டு தனி விதிகளாகப் பிரித்து நடத்துகிறோம், மாணவருக்கு இரண்டு சுமையாகிவிடுகிறது.

இதனால் எல்லா மொழியும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவு மொழிகளில் டேனிஷ் மொழி செயப்படுபொருள் பெயரானாலும் பிரதிப்பெயரானாலும் நடுவிலேயே வைக்கும். பக்கத்து நாட்டு ஸ்வீடிஷ் நேர் எதிர். 'அதை வெளியே எறி' என்பதற்கு அவர்கள் 'எறி வெளியே அதை' என்ற வரிசையில்தான் சொல்வார்கள். பிரதிப்பெயருக்குக்கூட அங்கே சலுகை கிடையாது. நார்வீஜியன் ஆங்கிலத்தைப் போல: பெயருக்கு இரண்டு இடம், பிரதிப்பெயருக்கு ஓர் இடம். ஒரு குடும்பத்து மொழிகளே மூன்று வழியில் போயிருக்கின்றன. ஒலியின் எடை ஒரு சாய்வைக் கொடுக்கிறது, அந்தச் சாய்வை விதியாக்குவதும் விடுவதும் அந்தந்த மொழி கடந்து வந்த பாதையைப் பொறுத்தது.

இனி மாணவரைக் குழப்பும் இரண்டாவது இடம். 'டர்ன் இட் ஆஃப்' என்று கற்றுக்கொண்ட மாணவர் உற்சாகமாக 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று எழுதுகிறார். சிவப்பு மையால் அடிக்கிறோம். ஆனால் அவர் கற்ற விதியைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். பட்டியலில் 'டர்ன் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' இரண்டும் அடுத்தடுத்து ஒரே மாதிரி இருந்தால் வேறென்ன செய்வார்? 'லுக் ஆஃப்டர்' என்பதில் வரும் 'ஆஃப்டர்' பார்ட்டிக்கிள் கிடையாது, பிரெப்போசிஷன். தனக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் வேலை. பெயரானாலும் பிரதிப்பெயரானாலும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஆங்கில இலக்கண வகுப்புகளில் காலங்காலமாக வரும் ஓர் இணை இருக்கிறது: 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. முதலாமவர் மலை ஏறி ஓடினார், இரண்டாமவர் கடையில் கணக்கு ஏற்றிவிட்டார். காதுக்கு ஓரெழுத்து வித்தியாசம். இப்போது 'அப்' என்பதைப் பெயரோடு சேர்த்து முன்னால் இழுத்துப் பாருங்கள். 'அப் தி ஹில் ஹி ரேன்' என்று கதை சொல்லலாம். 'அப் தி பில் ஹி ரேன்' என்று யாரும் சொல்ல முடியாது. மலையில் 'அப்' மலையோடு சேர்ந்தது, பில்லில் 'அப்' 'ரேன்' என்ற வினையோடு சேர்ந்தது. பிரதிப்பெயர் வைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். மலை என்றால் 'ரேன் அப் இட்', பில் என்றால் 'ரேன் இட் அப்'. நடுவில் ஒரு வினையடை நுழைத்தும் பார்க்கலாம். 'லுக்ட் கேர்ஃபுலி அட் தி பிக்சர்' என்பது இயல்பான ஆங்கிலம். 'டர்ன்ட் குவிக்லி ஆஃப் தி லைட்' என்றால் காது ஒப்பாது.

எனக்கு இதைவிடப் பிடித்த இணை ஒன்று உண்டு. வினை ஒன்றே, குட்டிச் சொல் ஒன்றே, பிரதிப்பெயரும் ஒன்றே, வரிசை மட்டும் மாறும்: 'சீ த்ரூ ஹிம்', 'சீ ஹிம் த்ரூ'. முதலாவதில் 'த்ரூ' பிரெப்போசிஷன். அவர் போடும் வேஷத்தை ஊடுருவி உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டேன் என்று பொருள். இரண்டாவதில் 'த்ரூ' பார்ட்டிக்கிள். கஷ்டகாலத்தில் கூடவே இருந்து அவரைக் கரைசேர்ப்பது. ஒருவரை நம்பாததும் ஒருவரைத் தாங்குவதும் 'ஹிம்' நிற்கும் இடத்தால் மட்டுமே பிரிகின்றன. 'டர்ன் இட் ஆன்' என்றால் போடு, ஓடவிடு. 'தி டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் நாய் அவர் மேலேயே பாய்ந்துவிட்டது. பிரதிப்பெயரின் இடம் ஏதோ மரியாதைக்காகப் பார்க்கும் ஒழுங்கு என்று நினைக்கிற மாணவருக்கு இந்த இரண்டையும் காட்டினால் போதும், பொருளையே மாற்றுகிற சங்கதி இது என்று புரிந்துகொள்வார்.

மூன்று சொல் வினைகளை விரைவாகத் தொட்டுவிடுகிறேன். 'புட் அப் வித்', 'லுக் டவுன் ஆன்', 'கெட் அவே வித்', 'லுக் ஃபார்வர்ட் டு'. இவற்றில் வினை, பார்ட்டிக்கிள், பிரெப்போசிஷன் மூன்றும் இருக்கின்றன. கடைசியில் இருப்பது பிரெப்போசிஷன் என்பதால் பிரதிப்பெயர் அதற்குப் பின்னால்: 'புட் அப் வித் இட்'. பிரெப்போசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆங்கிலத்தில் நெடுநாள் இருந்தது. 1672இல் கவிஞர் டிரைடன் அப்படி முடித்ததற்காகத் தமக்கு முந்திய பென் ஜான்சனைக் குறை சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுப்பாட்டைக் கேலி செய்து 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று சர்ச்சில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அவர் சொன்னார் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. ஆனால் அந்த வாக்கியம் ஏன் கோணலாக ஒலிக்கிறது என்பது நமக்குப் பாடம். 'வித்' பிரெப்போசிஷன் என்பதால் முன்னால் போகலாம். 'அப்' பார்ட்டிக்கிள், வினையை விட்டு அப்படிப் போகாது. இரண்டையும் சேர்த்து இழுத்ததால் வந்த வினை அது.

'லுக் ஃபார்வர்ட் டு' பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பக் கடிதங்களின் கடைசி வரியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அந்த 'டு' பிரெப்போசிஷன். அதற்குப் பின்னால் 'இட்' வைக்கலாம் என்பதே சான்று: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்'. 'இட்' வைக்கும் இடத்தில் பெயர்த்தன்மை உள்ளதுதான் வரமுடியும், ஆகவே 'ஹியரிங்'. நீண்ட விளக்கம் வேண்டியதில்லை, 'இட்' போட்டுப் பார் என்றால் போதும்.

சில வினைகள் இரண்டு இடத்திலும் ஆள் கேட்கும். 'டேக் இட் அவுட் ஆன் மீ' என்றால் வேறெங்கோ வந்த கோபத்தை என் மேல் காட்டுவது. 'புட் ஹிம் அப் டு இட்' என்றால் அவரைத் தூண்டிவிட்டு அந்தக் காரியத்தைச் செய்யவைப்பது. 'லெட் மீ இன் ஆன் இட்' என்றால் அந்த ரகசியத்தில் என்னையும் சேர்த்துக்கொள். வரிசையைக் கவனியுங்கள்: வினை, இலேசான பிரதிப்பெயர், பார்ட்டிக்கிள், பிரெப்போசிஷன், அதன் பெயர். இவ்வளவு நேரம் பார்த்த இரண்டு ஒழுங்கும் இந்தச் சின்ன வாக்கியங்களில் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பிரெப்போசிஷனைச் சரியாகப் பிடித்தவருக்கு இவற்றில் புதிதாக விதி எதுவும் தேவைப்படாது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஓவர்கம்', 'வித்ஸ்டாண்ட்' என்பவை அதன் மிச்சங்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில், குறிப்பாகச் சார்பு வாக்கியங்களில், செயப்படுபொருள் முன்னாலும் வினை கடைசியிலும் வருவது சாதாரணம், தமிழைப் போலவே. பிறகு வினை முன்னால் நகர்ந்தபோது குட்டிச் சொல் பின்னாலேயே தங்கிவிட்டது. நடுவில் செயப்படுபொருள் நின்றது. ஜெர்மனில் இந்த இரண்டு நிலையையும் இன்றைக்கும் ஒரே வினையில் பார்க்கலாம். விளக்கை அணைப்பதற்கு அங்கே 'அவுஸ்மாஹன்' என்று ஒரு வினை. 'அவுஸ்' என்பது ஆஃப், 'மாஹன்' என்பது செய்தல், பண்ணுதல். சார்பு வாக்கியத்தில் விளக்கு, ஆஃப், பண்ணு என்ற வரிசை. தனி வாக்கியத்தில் 'பண்ணு' முன்னால் போய்விடும், ஆஃப் கடைசியில் நிற்கும்.

ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் எவ்வளவு பெருகிவிட்டன என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில், வினையோடு குட்டிச் சொல் சேரும் வழக்கம் வேறு எந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் மிகுதி போலும், வேற்று மொழிக்காரர்களுக்குப் பெரிய இடர்ப்பாடே இதனால்தான் என்று எழுதி, அவற்றைக் கவனமாகத் தொகுத்ததாகவும் குறிப்பிட்டார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் மிகப் பிந்தியது. 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் அதை அச்சேற்றினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லிதான் அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் என்றும் எழுதியிருக்கிறார்.

ஜெர்மன் உதாரணத்தைக் கேட்டபோது உங்களில் சிலர் புன்னகைத்தீர்கள். விளக்கு, ஆஃப், பண்ணு. நம் வீடுகளில் தினமும் நடக்கும் பேச்சு அது. 'லைட்டை ஆஃப் பண்ணு', 'ஃபேனை ஆன் பண்ணு'. ஆங்கிலத்தின் 'டர்ன்', 'ஸ்விட்ச்' என்ற வினைகளை இங்கே நாம் வாங்கவில்லை. பார்ட்டிக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டு 'பண்ணு' என்ற சொந்த வினையைச் சேர்த்தோம். எது கனமான சொல் என்பதை நம் ஊர்க் காது எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறது பாருங்கள். பெயர்ச்சொல்லாக வந்தவற்றை முழுதாக வாங்கி ஒன்றாக்கிவிட்டோம்: மேக்கப், பிக்கப், பேக்கப். அதுவும் காரணத்தோடுதான். பெயராகும்போது ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் பாதிக்கு வந்துவிடுகிறது, இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகின்றன. வினையாக நிற்கும்போது அழுத்தம் 'அப்' மீது விழும், நடுவே 'இட்' நுழைய இடம் இருக்கும்.

தமிழின் கூட்டு வினைகளிலும் இப்படி ஓர் இடுக்கு உண்டு. 'விட்டுக்கொடு', 'கண்டுபிடி' போன்றவற்றைச் சொல்கிறேன். 'கண்டு அதைப் பிடி' என்றால் பொருள் சிதைந்து, பார், பிறகு பிடி என்றாகிவிடும். செயப்படுபொருளை உள்ளே விடாது. ஆனால் 'விட்டுத்தான் கொடுக்கணும்', 'கண்டேபிடிக்க முடியலை' என்கிறோம். 'தான்', 'ஏ' நுழைகின்றன, வினையின் பொருள் குலையவில்லை. ஆங்கிலம் தன் இடுக்கில் எடையில்லாத பிரதிப்பெயரை விடுகிறது, தமிழ் தன் இடுக்கில் எடையேற்றும் சொல்லை விடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், தன் மொழியில் தினமும் செய்வதன் மறுபக்கம் இது என்று மாணவர் கண்டுகொள்வார்.

அதைவிட நேரடியான உதவி 'அதை ஆஃப் பண்ணு' என்ற வாக்கியத்திலேயே இருக்கிறது. அதில் 'அதை' எங்கே நிற்கிறது? ஆஃபுக்கு முன்னால். 'ஆஃப் அதைப் பண்ணு' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. 'அதை ஆஃப்', 'இட் ஆஃப்'. வரிசை ஒன்றே. வினை மட்டும் தமிழில் கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் முதலில் வருகிறது. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்லும் பிள்ளை தாய்மொழியால் தவறவில்லை. நாம் கொடுத்த பட்டியலால் தவறுகிறது. 'டர்ன் ஆஃப்' என்று ஒட்டவைத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம், அதைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்து 'இட்'டைக் கடைசியில் வைக்கிறது. 'கோப் அப் வித்' என்ற தவறான வழக்கும் இப்படிப் பிறந்ததுதான். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' என்று படித்த மனம் 'கோப் வித்' என்பதிலும் ஓர் 'அப்' சேர்க்கிறது. பிள்ளைகளின் தர்க்கம் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் தீனிதான் சரியில்லை.

அகராதிக்காரர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து 1942இல் அங்கே ஓர் அகராதி வெளியிட்டார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே வேறு பெயரில் உலகுக்குக் கொண்டுவந்தது. வினை எந்த அமைப்பில் வரும் என்று கற்பவருக்குக் காட்டுவதில் அது முன்னோடி. கௌவியும் மேக்கினும் 1975இல் இத்தகைய வினைகளுக்கென்றே ஒரு பெரிய தொகுதி தந்தார்கள். இன்றைய லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிகளில் 'டர்ன்' என்ற சொல்லின் கீழ் பாருங்கள். 'டர்ன் சம்திங்' என்று எழுதி, இரு தலை அம்புக்குறி ஒன்று போட்டு, பிறகு 'ஆஃப்' என்று இருக்கும். அந்த அம்பு, இந்தப் பெயர் இரண்டு பக்கமும் நகரலாம் என்று சொல்கிறது. 'லுக் ஆஃப்டர் சம்பாடி' என்பதில் அம்பு இருக்காது. நம் நூலகங்களில் இந்த அகராதிகள் இருக்கின்றன. அந்த அம்பை வகுப்பில் யாராவது எப்போதாவது விளக்கியிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர்களிடமும் வினாத்தாள் அமைப்பவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஃப்ரேசல் வெர்ப் பட்டியலை 'இட்', 'ஹிம்' சேர்த்தே எழுதுங்கள். 'டர்ன் ஆஃப்' என்று எழுதாமல் 'டர்ன் இட் ஆஃப்' என்று எழுதுங்கள். 'லுக் ஆஃப்டர் ஹிம்', 'புட் அப் வித் இட்', 'சீ த்ரூ ஹிம்', 'சீ ஹிம் த்ரூ' என்று எழுதுங்கள். பொருளை எதிரே தமிழில் கொடுங்கள். வாய்விட்டுச் சொல்லவையுங்கள், 'இட்' மெல்ல ஒலிக்கவும் 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கவும் பழக்குங்கள். தேர்வில் பொருள் கேட்கும் ஒரு கேள்வியோடு, பெயரை எடுத்துவிட்டுப் பிரதிப்பெயர் வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் ஒரு கேள்வியையும் சேருங்கள். இதற்குப் புதிய பாடநூலோ கூடுதல் வகுப்போ வேண்டாம், அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம். பட்டியலைத் திருத்தி எழுத முன்வரும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.